பெருங்களத்தூரிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்ப ஒரு மலை வேண்டும்

கடையத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம் கடையம். அங்கே மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே மேற்கே மலை தெரியும். இன்றைக்கு மழை உண்டா என்று அம்மா அந்த மலையைப் பார்த்துத்தான் சொல்வாள். வேலைக்காகச் சென்னை வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெருங்களத்தூரில் வாடகை வீடு, கிண்டியில் வேலை, தினமும் மின்சார ரயில். ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மகளைத் தோரணமலைக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது. ஆயிரத்துக்கும் மேல் படிகள். பாதியில் தூக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் ஏறிப் போய் முருகன் சன்னதி வாசலில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல், "அப்பா, இங்க மலை எங்க இருக்கு?" என்று கேட்கிறாள். மால், பீச் என்று கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டேன். கேள்வி நிற்கவில்லை. அவளுக்காக மட்டும் கேட்கிறேன் என்று சொன்னால் பொய். எனக்கும் வேண்டும்.

எங்களிடம் கார் இல்லை. ரயில், பஸ், இல்லையென்றால் பைக். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாக ஏறுவாள். இரண்டு மாதம் முன்பு ஒரு வீடியோவை நம்பி ஆந்திர எல்லைப் பக்கம் ஓர் அருவிக்குப் போனோம். மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு வரும்வரை மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்தில், நிஜமாகவே உள்ளே விடுகிற இடமாக, போய்வந்தவர்கள் சொல்லுங்கள். எந்த மாதம் நல்லது என்பதையும்.


பல்லாவரம் டீச்சர் எழுதியது:

தம்பி, கிண்டியில் வேலை என்றால் உங்கள் மகள் கேட்கிற மலையை நீங்கள் தினமும் இரண்டு தடவை தாண்டிப் போகிறீர்கள். பரங்கிமலை. தோரணமலை ஏறியவருக்கு அது ஒரு மலையா என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் முப்பத்தோரு வருஷம் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்தவள். குடியிருப்பும் பல்லாவரம்தான். 2006-லிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறாவது சென்னையைச் சுற்றி நடக்கிறேன். முதலில் மாணவிகளோடு போனேன், ஓய்வு பெற்றபிறகு அதே மாணவிகள் தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது இதுதான்: தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே இன்னொரு குற்றாலத்தைத் தேடுகிறார்கள். அது கிடைக்காமல் ஆந்திர எல்லைக்கு ஓடுகிறார்கள். சென்னையைச் சுற்றி இருப்பவை சின்னக் குன்றுகள். ஆனால் ரொம்பப் பழையவை. அந்தப் பழமையைச் சொல்லிக்கொண்டே ஏறினால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அலுக்காது. எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

பரங்கிமலை உயரம் 300 அடிதான். காலை ஆறரைக்கு ரயிலை விட்டு இறங்கினால் ஏழேகாலுக்கு மேலே நிற்கலாம். படியோரம் பாறை வெளியே தெரிகிற இடத்தில் நின்று உங்கள் மகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் பட்ட முகம் பழுப்பாக இருக்கும். உடைந்த முகம் கருநீலமாக, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும். அந்தக் கல்லுக்கு உலகம் முழுவதும் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் கொண்டு போனார்கள். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சார்னாக் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். வயது ஏறத்தாழ 250 கோடி வருஷம். மைசூரிலோ ஆப்பிரிக்காவிலோ அண்டார்டிகாவிலோ இதே கல் கிடைத்தாலும் பெயர் விளக்கத்துக்கு நம் பல்லாவரம், பரங்கிமலைக்குத்தான் வரவேண்டும். இந்திய புவியியல் ஆய்வுத் துறை இந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறது.

மேலே 1523-இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. மெதுவாகப் பேசச் சொல்லுங்கள், பூசை நடக்கும். சுற்றுச்சுவர் ஓரமாக வந்தால் விமான நிலைய ஓடுபாதை தெரியும். பிள்ளைகள் அங்கே அரைமணி நேரம் அசைய மாட்டார்கள். அப்போது இதையும் சொல்லுங்கள்: 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்தியாவையே அளக்கத் தொடங்கியபோது முதல் கோட்டை இந்த மலையடியிலிருந்துதான் தெற்கே இழுத்தார். ஏழரை மைல் நீளத்தைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். கடைசியில் இமயமலைச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த அளவையின் தொடர்ச்சிதான்.

இறங்கி அடுத்தடுத்த ஸ்டேஷன் தாண்டினால் பல்லாவரம். இங்கேதான் 1863 மே 30 அன்று சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளருக்குக் கற்காலக் கைக்கோடரி கிடைத்தது. அதற்கு முன் இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததாக யாரும் அறிந்திருக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

இரண்டாவதாக, திருக்கழுக்குன்றம். உங்கள் மனைவிக்கும் சரிப்படும். பெருங்களத்தூரில் செங்கல்பட்டு ரயில் ஏறுங்கள். சன்னலோர இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், செங்கல்பட்டுக்குள் நுழையும்போது கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வரும். மழைக்குப் பிறகு அது நிறைந்து கிடப்பதைப் பார்ப்பதற்கே அந்த ரயிலில் போகலாம். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் 14 கிலோமீட்டர் போலத்தான். படிகள் 560-க்குக் கொஞ்சம் மேல். அகலமான கல்படி, உட்கார இடம் உண்டு. உங்கள் மனைவி இருபது படிக்கு ஒருமுறை நின்று ஏறினாலும் முக்கால் மணி நேரம் போதும். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள். செருப்பைக் கீழேயே விட வேண்டும் என்பதால் பத்து மணிக்குள் இறங்கிவிடப் பாருங்கள். அதற்குமேல் படி சுடும்.

அந்த ஊருக்குப் பெயரே கழுகால் வந்தது. தினமும் உச்சிவேளையில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் பாறையில் வந்து இறங்கும், பண்டாரம் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். நான் சின்னப் பெண்ணாக அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அழுக்கு வெள்ளைச் சிறகு, மஞ்சள் முகம், கோழி மாதிரி நடை. தொண்ணூறுகளோடு அவை வருவது நின்றுபோனது. அதே காலத்தில் இந்தியா முழுக்கப் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் பெரிய காரணம். செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். திருக்கழுக்குன்றத்து ஜோடிக்கு என்ன ஆயிற்று என்று நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இறங்கும் வழியில் ஒருக்கல் மண்டபத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரை. அதன் சுவரிலும் தூணிலும் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க நல்ல வேலை.

மூன்றாவதுதான் என் மனதுக்கு ரொம்ப நெருக்கமான இடம். குடியம் குகை.

பூண்டி ஏரியைத் தாண்டி அல்லிக்குழி மலைத்தொடரில் இருக்கிறது. குடியம் கிராமத்திலிருந்து புதர்க்காட்டுக்குள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடை. பெரிய ஏற்றம் கிடையாது. காரை, சூரை, களா, ஆவாரை, நடுவில் ஈச்சம் புதர். முழுக்கைச் சட்டை போடாவிட்டால் சூரை முள் கையைக் கிழிக்கும். மார்கழி, தை மாதங்களில் போனால் ஆறுமணிக் குருவி கூப்பிடும். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து குளிருக்கு இங்கே வருகிற பறவை. இரண்டு அசையில் விசில் அடித்த மாதிரி இருக்கும். அது ஒருமுறை கேட்டுவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே அமைதியாகிவிடுவார்கள்.

பாதை ஓர் இடத்தில் சட்டென்று கீழே சரியும். திரும்பினால் முன்னால் குகை. குகை என்றால் இருட்டுப் பொந்து இல்லை. பெரிய மண்டபம் மாதிரி வாயைத் திறந்து நிற்கும் பாறைக்கூரை. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். கொழுக்கட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, எல்லாம் உருண்டை. டைனோசர்கள் இருந்த காலத்தில் ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்த கற்கள், மண்ணோடு சேர்ந்து இறுகிப் பாறையாகிவிட்டன. குகைக்குள் ஊர்க்காரர்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள். நானும் ஒரு கற்பூரம் ஏற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், கூட வந்த ஊர்க்காரர் தடுத்துவிட்டார். கூரையில் மலைத்தேனீக் கூடுகள் தொங்குகின்றன. புகை, சென்ட் வாசனை, சத்தம் மூன்றும் ஆகாது. இதை உங்கள் மகளுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கூழாங்கல்லைத்தான் ஆதி மனிதன் தட்டிக் கைக்கோடரி செய்தான். ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த அதே வகை. பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டியெடுத்த கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வரை வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். நீங்கள் வீட்டிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போய் இறங்கும் இடம் அது. திருவள்ளூர் ரயிலில் உட்கார்ந்திருக்கும் போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

வழி சொல்கிறேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி எதிரே மூர் மார்க்கெட் வளாகத்தில் திருவள்ளூர் அல்லது அரக்கோணம் லோக்கல். திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் பஸ். அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ள வேண்டும், திரும்பி வரவும் அவரையே நேரம் சொல்லி வரச்சொல்லுங்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் சின்ன அகழ்வைப்பகம் உண்டு. குகைக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டால் காட்டில் கிடக்கும் கல்லைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் முழுப்பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் மாதம், நானும் இன்னொரு டீச்சரும் குடியம் போனோம். கிளம்பவே தாமதம், குகையிலிருந்து திரும்பும்போது பன்னிரண்டு மணி. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதுவும் தீர்ந்துவிட்டது. பாதி வழியில் அவருக்கு வியர்ப்பது நின்றுபோய், பேச்சு குழறியது. காரைப் புதர் நிழலில் படுக்கவைத்து, முந்தானையை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் நான் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தை மறக்க முடியாது. ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மா தன் குடத்துத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றிக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு பிப்ரவரி பாதி தாண்டினால் என் பை பரணுக்குப் போய்விடும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை, மழை இல்லாத ஞாயிறு, அவ்வளவுதான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு போட்ட மோர் தனியாக. பத்தரை மணிக்குத் திரும்ப ஆரம்பித்துவிட வேண்டும்.


இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்து அழுத்திச் சொல்ல வேண்டும். குடியம் காப்புக்காட்டில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனிப் பக்கம் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை "டிரெக் தமிழ்நாடு" என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். குடியம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, சுலபமான பாதை. குழந்தைக்கு வயதுக் கட்டுப்பாடு என்ன என்று பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தீ பயம் உள்ள கோடைக் காலத்தில் மூடிவிடுவார்கள்.

அருவி, குளம் என்று வீடியோ பார்த்துப் போவதைப் பற்றி ஒன்று. சில வருஷம் முன்பு தலைக்கு 1,800 ரூபாய் கட்டி ஒரு குழுவோடு எல்லைப் பக்கத்து மலைக்குப் போனேன். நாற்பத்தைந்து பேர், கூட்டிப் போகிறவர்கள் இரண்டே பேர். பாறைக்கு நடுவில் குளம், பார்க்கக் கண்ணாடி மாதிரி. நீச்சல் தெரியாத ஒரு பையன் ஓரத்தில்தானே என்று இறங்கினான். ஓரம் என்று ஒன்றே அங்கே கிடையாது, இரண்டாவது அடியில் இருபதடி ஆழம். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர் முடியைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்த மாதிரிக் குளங்களில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். உங்களைச் செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பியவர் நல்லது செய்தார் என்றே நான் நினைக்கிறேன்.


மேடவாக்கம் அக்கா எழுதியது:

நானும் தங்கையும் மட்டும் போவோம் என்பதால் கேட்கிறேன், டீச்சர். பாத்ரூம் வசதி எப்படி? இதை யாரும் எழுதுவதே இல்லை. இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நடக்கிறோம்.

என் பக்கத்திலிருந்து ஒன்று: மலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். மழை முடிந்து நீர்மட்டம் இறங்கும் நேரத்தில் பூநாரைகள் வரும். என் தங்கை மகன் முதல்முறை பார்த்தபோது யாரோ பொம்மை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான், ஒன்று காலை மாற்றியதும் கத்தினான். நன்மங்கலம் காட்டில் கைவிட்ட கல்குவாரிகளில் கொம்பன் ஆந்தை குடும்பம் நடத்துகிறது. அதுவும் காப்புக்காடுதான், வனத்துறையைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.


பல்லாவரம் டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் மட்டும் நடக்காதீர்கள், அம்மா. என் தோழிக்கு நடந்தது அதனாலும்தான்.

செங்கல்பட்டு, திருவள்ளூர் இரண்டு ஸ்டேஷனிலும் இறங்கியவுடன் போய்விட்டு வந்துவிடுங்கள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிலையத்தில் உண்டு, மலைமேல் நம்ப வேண்டாம். குடியம் பாதையில் எதுவும் கிடையாது. நாங்கள் ஒரு பழைய கறுப்புக் குடையும் ஒரு பெரிய துப்பட்டாவும் கொண்டு போவோம். ஒருவர் மறைத்துப் பிடித்துக்கொள்வார். உட்காரும் முன் குச்சியால் புதரைத் தட்டிவிட வேண்டும், சுருட்டை விரியன் இலையோடு இலையாகக் கிடக்கும். மாதவிடாய் நாளாக இருந்தால் நாப்கினை மடித்துத் திரும்பக் கொண்டுவரக் கெட்டியான கவர் ஒன்று. பெண்கள் மட்டும் போவதென்றால் நான்கு பேராகப் போங்கள், குறையக் கூடாது. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணைக்கு இருக்க, மற்ற இருவர் ஆள் கூப்பிடப் போகலாம். குகைப் பக்கம் போன் சிக்னல் இருக்கும் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள்.


திண்டிவனத்தான் எழுதியது:

செஞ்சியை யாருமே சொல்லவில்லையே! எழும்பூரில் காலை ரயில் பிடித்துத் திண்டிவனம், அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பைக்கில் என்றால் 160 கிலோமீட்டர், குழந்தையோடு வேண்டாம். ராஜகிரி 800 அடி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து கிடக்கும், பாலத்தின் மேல் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பிளவைப் பார்த்தால்தான் 1690-களில் முகலாயப் படை ஏன் வருஷக்கணக்காகக் கீழேயே உட்கார்ந்திருந்தது என்பது புரியும். 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை எங்கள் செஞ்சி.

ஆனால் கடையத்துக்காரரே, உங்கள் மனைவிக்கு ராஜகிரி வேண்டாம். படி உயரம் சீராக இருக்காது. அவர்களுக்கு நான் திருநாதர்குன்று சொல்வேன். செஞ்சி ஊருக்குப் பக்கத்திலேயே, ஆள் நடமாட்டம் குறைந்த சின்னக் குன்று. ஒரு பெரிய பாறை முகத்தில் இரண்டு வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள் 24 பேர் செதுக்கப்பட்டிருப்பார்கள். சாயங்கால வெயில் அதன்மேல் விழும்போது ஒவ்வொரு முகமும் தனியாகத் தெரியும். பக்கத்தில் ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர்விட்ட இடம் என்று சொல்கிறது. கல்வெட்டில் "ஐ" என்ற எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் உங்கள் மகளை. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கும் முந்திய எழுத்து. தமிழில் அந்த எழுத்து கிடைத்திருக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் அது ஒன்று. எங்கள் தாத்தா அங்கே ஆடு ஓட்டிப் போவார். எழுத்து இருப்பது தெரிந்து அந்தப் பாறையில் அவர் கால் வைக்க மாட்டார்.


கடையத்துக்காரன் எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். மழை ஓய ஆளாளுக்குக் காத்திருந்தோம்.

முதல் ஞாயிறு பரங்கிமலை. டீச்சர் சொன்ன மாதிரியே விமானத்துக்கு அரைமணி நேரம். ஆனால் மகளுக்கு அதைவிடக் கல் பிடித்துவிட்டது. இப்போது ரயிலில் பரங்கிமலை வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "அந்தக் கல்லுக்குப் பேர் தெரியுமா?" என்று கேட்கிறாள். போன வாரம் ஒரு பெரியவர் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று திருக்கழுக்குன்றம். விடியும்முன் கிளம்பிவிட்டோம். கொளவாய் ஏரிமேல் பனி படிந்து, கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் கிடந்தது. மனைவி ஐம்பது நிமிஷத்தில் ஏறிவிட்டாள். நடுவில் ஏழு தடவை உட்கார்ந்தாள், ஒருமுறைகூடத் திரும்பலாம் என்று சொல்லவில்லை. மேலே போனதும் கீழே தாழக்கோயில் கோபுரங்களையும் சங்குதீர்த்தக் குளத்தையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றாள். கலியாணத்துக்குப் பிறகு இவ்வளவு உயரத்தில் நின்று ஊரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றாள். அது எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஒருக்கல் மண்டபத்தில் டச்சுப் பெயர்களை மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். சில எழுத்துகள் பிடிபடவில்லை, வரைந்தே எடுத்துவந்தாள்.

பத்து மணிக்குள் இறங்கச் சொன்னீர்கள், டீச்சர். முடியவில்லை. பாறு வராது என்று நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள். இருந்தாலும் உச்சிவேளை வரை இருந்து பார்க்கலாம் என்றாள். சரி என்று நிழல் பார்த்து உட்கார்ந்தோம். புளியோதரையைச் சாப்பிட்டோம். பன்னிரண்டு மணி ஆனதும் எழுந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு செம்பருந்து இரண்டு வட்டம் போட்டுவிட்டுக் கடல் பக்கம் போனது. இறங்கும்போது படி சுட்டது. அவளை நானும், அவளுடைய அம்மாவை என் தோளும் தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். அடுத்தமுறை காலுக்குத் தடித்த சாக்ஸ் கொண்டுபோக வேண்டும்.

அவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பாறு இப்போது எங்கேயுமே இல்லையா?

ஜனவரி மூன்றாம் ஞாயிறு குடியத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன்.


பல்லாவரம் டீச்சர் எழுதியது:

இருக்கிறது என்று சொல்லுங்கள், தம்பி. நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அவள் திருக்கழுக்குன்றத்தில் பார்க்க நினைத்த மஞ்சள்முகப் பாறும் அந்தப் பக்கம் கொஞ்சம் தென்படுகிறது. அது ஒருநாளில் போய்வரும் தூரம் இல்லை. கோடை விடுமுறையில் பார்க்கலாம், மசினகுடிப் பக்கம் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள், கேட்டுச் சொல்கிறேன்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு எனக்கும் தோதுப்படும். அதே தேதிக்கு நானும் பதிவு செய்துவிடுகிறேன். காலை ஐந்தரைக்கு மூர் மார்க்கெட் வளாகத்தில் டிக்கெட் கவுண்டர் பக்கம் நிற்பேன், கையில் கறுப்புக் குடை இருக்கும். உங்கள் மனைவிக்கு ஒரு மூங்கில் கழி கொண்டுவருகிறேன். மகளிடம் அந்த டச்சுப் பெயர் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள், பிடிபடாத எழுத்துகளை ரயிலில் உட்கார்ந்து பார்ப்போம்.